குழந்தைகள் படம்தான், ஆனால் என் குழந்தைக்குப் பயமாக இருக்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கான திரையிடல்களுக்குப் படம் தேர்ந்தெடுப்பது என் வேலைகளில் ஒன்று. எளிதில் பயந்துவிடும் குழந்தைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

1. "யு" சான்றிதழ் வாங்கிய படம்தானே, அதிலுமா யோசிக்க வேண்டும்?

ஆம், யோசிக்க வேண்டும். சான்றிதழ் வழங்கும் குழுக்கள் வன்முறை, ரத்தம், ஆபாசம், போதைப்பொருள், தகாத சொற்கள் போன்றவை ஒரு படத்தில் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று பார்க்கின்றன. அச்சமூட்டும் காட்சிகளையும் அவை கணக்கில் கொள்கின்றன என்றாலும், அவற்றின் மனத்தில் இருப்பது பொதுவான ஒரு குழந்தையே தவிர உங்கள் வீட்டுக் குழந்தை அன்று. எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று அமெரிக்காவில் வழங்கப்படும் "ஜி" சான்றிதழ் பாராட்டுப் பத்திரமும் அன்று, அது குழந்தைகள் படம் என்பதற்கான அடையாளமும் அன்று என்று அதை வழங்கும் அமைப்பே விளக்கம் தந்திருக்கிறது.

பிரிட்டனில் "யு" என்பது நான்கு வயதுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் பொருந்தும் படத்தைக் குறிக்கிறது, பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கத்தக்க "பி.ஜி." படம் எட்டு வயதையொட்டிய குழந்தையைக் கலங்கடிக்கக் கூடாது என்பது அங்குள்ள அளவுகோல். ஐந்து வயதுக் குழந்தை ஒரு "பி.ஜி." படத்தைப் பார்த்து அழுதால், சான்றிதழ் பிழையானது என்று சொல்ல முடியாது. இந்தியாவில் நெடுங்காலம் ஒரே பிரிவாக இருந்த "யு/ஏ", 2023-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் மூலம் 7, 13, 16 என்ற வயதுகளையொட்டி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இது நல்ல மாற்றம்தான், ஆனாலும் ஏழு வயதுக் குழந்தைகள் எல்லோரும் ஒரே பொருளைக் கண்டு பயப்படுவதில்லை. எந்தப் படத்தை விலக்கலாம் என்று முடிவெடுக்கச் சான்றிதழ் உதவும். எந்தப் படத்தைக் காட்டலாம் என்று முடிவெடுக்க அது மட்டும் போதாது.

2. எல்லாக் குழந்தைகளும்தான் பயப்படுகின்றன. என் குழந்தை கூடுதலாகப் பயப்படுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன், மனிதர்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினர் பிறவியிலேயே கூடிய உணர்திறன் உடையவர்கள் என்று 1990-களில் எழுதினார். சட்டையின் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் சிறு துணி உறுத்துகிறது என்று அழுவது, திடீர் ஓசைக்குக் காதைப் பொத்திக்கொள்வது, பெரியவர்களின் முகம் சற்றே மாறினாலும் "ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்பது ஆகியவை இத்தகைய குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுகின்றன. இது நோயும் அன்று, வளர்ப்புக் குறையும் அன்று.

ஆனால் படம் தேர்ந்தெடுக்கும்போது, குழந்தை எவ்வளவு பயப்படுகிறது என்பதைவிட எதற்குப் பயப்படுகிறது என்பதே எனக்குப் பயன்பட்டிருக்கிறது. சில குழந்தைகளை ஒலியும் ஒளியும் தாக்குகின்றன. கதை என்னவாக இருந்தாலும் அவர்களுக்கு அக்கறையில்லை. சில குழந்தைகள் பிறர் துன்பத்தைத் தாங்குவதில்லை. வெடிகுண்டு வெடித்தாலும் அசையாமல் இருந்துவிட்டு, ஒரு நாய்க்குட்டி வழிதவறினால் விம்முவார்கள். வேறு சிலரோ படத்தை நன்றாகவே பார்த்துவிட்டு, அதில் காட்டப்படாததையெல்லாம் இரவில் தாங்களே கற்பனை செய்துகொள்வார்கள். உங்கள் குழந்தை இவற்றுள் எந்த வகை என்பது, இதுவரை எந்தெந்தக் காட்சிகளில் அது கலங்கியது என்று நினைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பின்வரும் பதில்கள் பலவற்றில் இந்த மூன்று வகைகளையும் குறிப்பிடுவேன்.

3. நாலு வயசில் பூதத்துக்குப் பயந்தவள் இப்போது பூதத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஆனால் வெள்ளம் வரும் காட்சிக்கு அழுகிறாள். இது என்ன கணக்கு?

வளர்ச்சியின் கணக்கு. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே ஒருவரை எடைபோடுகிறார்கள். சிந்தியா ஹாஃப்னர், ஜோயன் கேன்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே கதையை நான்கு விதமாகப் படம்பிடித்துக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். கதையில் வரும் மூதாட்டி சிலவற்றில் இனிய தோற்றத்துடனும் சிலவற்றில் கோரத் தோற்றத்துடனும் வருவாள்; அன்பாக நடப்பதும் கொடுமையாக நடப்பதும் அதேபோல் மாற்றி மாற்றி அமைக்கப்பட்டிருந்தன. அடுத்து அவள் என்ன செய்வாள் என்று கேட்டபோது, சிறிய குழந்தைகள் பெரிதும் தோற்றத்தை வைத்தே பதில் சொன்னார்கள். வயது கூடக் கூட, அவள் நடந்துகொண்ட விதமே பதிலைத் தீர்மானித்தது.

இதனால்தான், நல்ல மனம் படைத்த அரக்கன் ஒருவன் கதாநாயகனாக வரும் படம் நான்கு வயதுக் குழந்தைக்குக் கடினமாக இருக்கலாம். "அவன் நல்லவன்" என்ற செய்தி வசனத்தில் இருக்கிறது, ஆனால் பற்கள் திரையில் இருக்கின்றன. உருமாற்றக் காட்சிகள் இன்னும் கடினமானவை. நல்ல மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிறப் பேருருவாக மாறும் தொலைக்காட்சித் தொடர் ஒன்று 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் அந்த மாற்றத்தைக் காப்பாற்ற வரும் அடையாளமாகப் புரிந்துகொண்டபோது, அதைவிடச் சிறியவர்கள் அதே காட்சியைக் கண்டு மிகவும் மிரண்டதைக் கேன்டர் பதிவு செய்திருக்கிறார்.

ஏழு, எட்டு வயதில் பூதம் இல்லை என்பது உறுதியாகிவிடுகிறது. அதே அறிவுதான் வெள்ளமும் தீயும் திருடனும் உண்டு என்பதையும் உறுதிப்படுத்துகிறது. உங்கள் மகள் முன்பைவிடக் கோழையாகிவிடவில்லை. நடக்கக்கூடியதையும் நடக்க முடியாததையும் பிரித்துப் பார்க்கக் கற்றிருக்கிறாள். ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு போர், நோய், பெற்றோர் பிரிவது போன்ற, கண்ணுக்குத் தெரியும் உருவம் இல்லாத அச்சங்களும் சேர்ந்துகொள்ளும். ஆகவே சிறியவர்களுக்குப் படத்தின் தோற்றத்தையும், பெரியவர்களுக்கு அதன் நிகழ்ச்சிகளையும் முதலில் பாருங்கள்.

4. அனிமேஷன் படத்தில் யார் சாகப்போகிறார்கள்?

பலர் சாகிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே.யில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்கள் 45-ஐயும் பெரியவர்களுக்கான நாடகப் பாங்கான படங்களையும் ஒப்பிட்டது. முக்கியப் பாத்திரங்கள் இறக்கும் வாய்ப்பு அனிமேஷன் படங்களிலேயே ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று அது கண்டறிந்தது. முதலில் இறப்பது பல படங்களில் தாயோ தந்தையோ ஆக இருப்பதற்குக் கதை சொல்வதிலேயே காரணம் இருக்கிறது: பெற்றோர் அருகில் இருந்தால் குட்டி நாயகன் தனியாகப் பயணம் புறப்பட முடியாது. பிறர் துன்பத்தைத் தாங்காத குழந்தைக்கு இந்த முதல் சில நிமிடங்களே படத்தின் மிகக் கடினமான பகுதியாக இருக்கக்கூடும்.

5. ரெண்டு மணி நேரப் படத்தை முன்னாடியே உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் இல்லை. எதை மட்டும் பார்த்தால் போதும்?

மூன்று இடங்களைப் பாருங்கள். மேலே சொன்ன காரணத்தால் முதல் பதினைந்து நிமிடங்கள். நாயகன் எல்லாவற்றையும் இழந்து நிற்கும், படம் முக்கால் பங்கு கடந்த பிறகு வரும் பகுதி. அதையடுத்து வரும் கிளைமாக்ஸ். வீட்டில் பார்ப்பதானால் இவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்க்க அரை மணி நேரம் பிடிக்கும். பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பிறகு, வில்லன் உயிருடன் இருப்பதைக் காட்டும் சிறு காட்சி ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்பதையும் கவனித்துவிடுவது நல்லது.

கிளைமாக்ஸை ஒரு முறை கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். அடித்தொனியில் நீளும் முழக்கமும், ஓசை முழுவதும் அடங்கிய பின் வெடிக்கும் சத்தமும்தான் பல "குழந்தைகள் படங்களில்" பாதிப் பயத்தைச் சுமக்கின்றன. பின்பு ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒலியோடு மட்டுமே பயமூட்டும் காட்சி, ஒலியைக் குறைத்தால் ஒலிக்கு அஞ்சும் குழந்தைக்கும் ஏற்றதாகிவிடும். ஒலியில்லாமலும் பயமூட்டும் காட்சியை அப்படிச் சரிசெய்ய முடியாது.

இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது, பயம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை. ஒரு நிமிடம் துரத்தல், பிறகு ஒரு சிரிப்பு, பிறகு பாதுகாப்பான இடம் என்று போகும் படத்தில் குழந்தைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பத்து நிமிடங்கள் ஓய்வின்றி இருளும் அலறலுமாக நீளும் படம், அதில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாவிட்டாலும், மென்மையான குழந்தைக்குச் சுமையே. ஆபத்தில் இருக்கும் குட்டிப் பாத்திரத்தின் அருகே நம்பத்தக்க பெரியவரோ துணையோ இருக்கிறார்களா, அல்லது அது முற்றிலும் தனியாக விடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். படம் கொடுக்கும் துணை, பார்க்கும் குழந்தைக்கும் துணை.

6. டிரெய்லரைப் பார்த்தே முடிவு செய்துவிடலாமே?

முடியாது. டிரெய்லர் படத்தை விற்பதற்காக வெட்டப்பட்டது. வேடிக்கைக் காட்சிகளை அடுக்கிவிட்டு, தாய் இறப்பதை மறைத்துவிடும். டிரெய்லரே பயமாக இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடலாம் என்ற அளவில் மட்டும் அது பயன்படும்.

7. இணையத்தில் பெற்றோர் எழுதும் விமர்சனங்களை நம்பலாமா?

நட்சத்திரங்களை நம்ப வேண்டாம், விவரங்களை நம்பலாம். "என் பையனுக்கு மிகவும் பிடித்தது" என்ற வரி உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. "சிலந்தி வரும் இடத்தில் என் ஆறு வயது மகள் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்" என்ற வரி, காட்சி, வயது, எதிர்வினை என மூன்றையும் சொல்கிறது. குறைந்த மதிப்பெண் தந்தவர்களின் பதிவுகளில் இத்தகைய வரிகள் அதிகம் கிடைக்கும். காமன் சென்ஸ் மீடியா என்ற அமெரிக்க அமைப்பு வயதுவாரியான மதிப்புரைகளை வெளியிடுகிறது. டஸ் த டாக் டை என்ற தளம், நாய் இறக்கிறதா, பெற்றோர் இறக்கிறார்களா என்பது போன்ற நேரடிக் கேள்விகளுக்குப் பார்வையாளர்கள் ஆம், இல்லை என்று வாக்களித்த விடைகளைத் தொகுக்கிறது. இரண்டாம் கேள்வியில் உங்கள் குழந்தையின் வகையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு இந்த இரண்டாவது தளமே கூடுதலாக உதவும்.

8. கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் படத்தின் சுவை போய்விடாதா?

திருப்பங்களை ரசிப்பது பெரும்பாலும் பெரியவர்களின் இன்பம். மென்மையான குழந்தைக்கு, குட்டி கடைசியில் வீடு திரும்பிவிடும் என்று தெரிந்திருப்பதே படத்தை ரசிக்கும் துணிவைத் தருகிறது. ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். "ஒரு இடம் பயங்கரமாக இருக்கும், பயப்படாதே" என்று மட்டும் சொன்னால், குழந்தை முழுப் படத்தையும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தே கழிக்கும். "புயல் வரும், படகு கவிழும், ஆமை வந்து அவனை முதுகில் ஏற்றிக்கொள்ளும்" என்று ஆபத்தையும் மீட்பையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

9. தியேட்டரில் பார்ப்பதும் வீட்டில் பார்ப்பதும் ஒன்றுதானா?

அன்று. தியேட்டரில் இருட்டும் பெரிய திரையும் உரத்த ஒலியும் உள்ளன. நிறுத்தும் பொத்தான் இல்லை. படத்துக்கு முன் வேறு படங்களின் டிரெய்லர்கள் ஓடுவதும் உண்டு. வந்த படத்தைவிட அவை குழந்தையை அதிகமாகக் கலங்கடிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒளியை முழுவதும் அணைக்காமல், ஒலியைத் தணித்து நடத்தப்படும் சிறப்புக் காட்சிகள் சில தியேட்டர்களில் உண்டு, கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லையெனில் பின்வரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கையை எடுங்கள். ஐயமுள்ள படத்தை முதல் முறை வீட்டில், பகலில், விளக்கு எரிய, ஒலியைக் குறைத்துப் பார்ப்பதே என் பரிந்துரை.

10. "இதெல்லாம் பொய், நடிப்பு" என்று சொன்னாலும் அழுகை நிற்பதில்லையே?

ஆறு வயதுக்குக் கீழ் இந்தச் சொற்கள் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. மூன்றாம் கேள்வியில் சொன்னபடி, அந்த வயதில் கண் பார்ப்பதே உண்மை. அதை வாதத்தால் வெல்ல முடியாது. மடியில் உட்கார வைப்பது, கையைப் பிடித்துக்கொள்வது, போர்வையையோ பொம்மையையோ கொடுப்பது, தண்ணீர் குடிக்கச் செய்வது ஆகியவை சொற்களைவிட விரைவாகப் பலன் தரும். கண்ணை மூடுவதோடு காதையும் மூடச் சொல்லுங்கள், ஏனென்றால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டால் ஒலிக்கேற்ற உருவத்தைக் கற்பனையே வரைந்துகொள்ளும்.

எட்டு வயதுக்கு மேல், வில்லனின் குரலைக் கொடுத்த நடிகர் ஒலிவாங்கி முன் நின்று சிரிக்கும் காணொளியைக் காட்டுவது உண்மையிலேயே உதவும். ஆனால் நடக்கக்கூடிய ஆபத்தைக் கண்டு பயந்த குழந்தையிடம் "இது பொய்" என்று சொல்வது எந்த வயதிலும் எடுபடாது. வெள்ளம் பொய்யன்று என்பது அதற்குத் தெரியும். அத்தகைய ஆபத்து வந்தால் நாம் என்ன செய்வோம், யார் உதவுவார்கள் என்று பேசுவதே சரியான பதில்.

11. நடுவில் பயந்துவிட்டால் எழுந்து வெளியே போவதா, முடிவு வரை உட்கார வைப்பதா?

இது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. பாதியில் எழுந்துவிட்டால் குழந்தையின் மனத்தில் நாயகன் ஆபத்திலேயே நின்றுவிடுகிறான், மீட்பு வருவதில்லை. அதற்காக நடுங்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பது கொடுமை. எனவே முதலில் வெளியே அழைத்துச் செல்லுங்கள். நுழைவாயிலில் உட்கார வைத்து மூச்சு நிதானமடைந்த பிறகு, மீதிக் கதையை முடிவு வரை வாயால் சொல்லிவிடுங்கள். திரும்பப் போகலாமா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். "வேண்டாம்" என்றால் வீட்டுக்குப் போகலாம். டிக்கெட் பணத்தைப் பற்றிய புலம்பல் மட்டும் அன்றைக்கு வேண்டாம்.

படம் தொடங்கும் முன்பே, "வெளியே போகணும்" என்பதற்கு ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போகும் உரிமை தனக்கு உண்டு என்று தெரிந்த குழந்தைகள் பலர் அதைப் பயன்படுத்தாமலேயே படத்தை முடித்துவிடுகிறார்கள்.

12. பயமாக இருக்கிறது என்கிறான், ஆனால் அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். தடுக்க வேண்டுமா?

முகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சற்றே தளர்ந்து, அடுத்து வருவதைத் தானே முன்கூட்டிச் சொல்லி, சிரிக்கத் தொடங்கினால் அவன் அந்தப் பயத்தை அடக்கியாளப் பழகுகிறான். தடுக்க வேண்டாம், ரிமோட்டையும் அவனிடமே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இறுக்கத்துடன், விலக முடியாமல் பார்த்து, இரவில் தூக்கமும் கெட்டால் நிறுத்திவிட வேண்டும்.

13. அண்ணனுக்குப் பிடித்த படமெல்லாம் தங்கைக்கு ஆகவில்லை. ஒரே வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

இருவரும் சேர்ந்து பார்க்கும் படத்தைத் தங்கையின் அளவுக்கே தேர்ந்தெடுங்கள். அண்ணனின் படத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். "சின்னக் குழந்தை" என்ற கேலியை முதல் முறையே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அவள் பயத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதன் விளைவு பதினைந்தாம் கேள்வியில் உள்ளது.

14. நாங்கள் சின்ன வயதில் பார்த்த பழைய படம்தான். அதில் என்ன ஆபத்து?

நினைவில் எஞ்சியிருப்பது பாடல்களும் வேடிக்கையும்தான். பழைய படங்களின் சான்றிதழ்களும் அவற்றின் காலத்தைச் சேர்ந்தவை. முயல்களைப் பற்றிய "வாட்டர்ஷிப் டவுன்" என்ற பிரிட்டிஷ் அனிமேஷன் படம் 1978-இல் "யு" பெற்றது, தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை அழவைத்த பிறகு, 2022-இல்தான் "பி.ஜி."யாக மாற்றப்பட்டது. அமெரிக்காவில் "பி.ஜி.–13" என்ற பிரிவே 1984-இல்தான் தோன்றியது, அதற்கு முன் வெளியான "பி.ஜி." படங்களில் இன்றைய அளவுகோலில் அந்த மேற்பிரிவுக்குப் போகக்கூடியவை உண்டு. ஐந்தாம் கேள்வியில் சொன்ன சோதனையைப் பழைய படத்துக்கும் தவறாமல் செய்யுங்கள்.

15. படம் முழுக்க அசையாமல், அமைதியாகப் பார்த்தாள். இரவில்தான் அலறினாள். ஏன்?

அசையாமல் இருப்பது எப்போதும் அமைதியின் அடையாளம் அன்று. தோள்கள் உயர்ந்து, விரல்கள் இறுகி, கண் இமைக்காமல் இருக்கும் குழந்தை உறைந்துபோயிருக்கலாம். படம் ஓடும்போது "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "நிறுத்தட்டுமா, ஓடட்டுமா?" என்று இரண்டு வழிகளைக் காட்டிக் கேட்டால் உண்மை வெளிவரும்.

இரவில் நிகழும் அலறலிலும் இரண்டு வகை உண்டு. விடியற்காலையை ஒட்டி விழித்து, கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. கட்டிப்பிடித்து, கனவின் முடிவை நல்லபடியாக மாற்றிச் சொல்லச் செய்யலாம். தூங்கிய ஓரிரு மணி நேரத்திலேயே கண்கள் திறந்திருந்தும் உங்களை அடையாளம் காணாமல் அலறி, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது இரவு மிரட்சி எனப்படும் வேறொரு நிலை. அதைப் படத்தின் மேல் சுமத்திவிட முடியாது. அப்போது எழுப்ப முயலாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

16. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் கோழையாகிவிட மாட்டானா?

பெரும்பாலும் தாத்தா பாட்டிகளும், சில சமயம் தந்தையரும் கேட்கும் கேள்வி இது. நீச்சல் தெரியாத பிள்ளையை ஆழக் கிணற்றில் தள்ளிவிடுவதால் நீச்சலும் வருவதில்லை, தண்ணீர்ப் பயமும் போவதில்லை. பயமே இல்லாத படங்களை மட்டும் காட்டும்படி நான் எங்கும் சொல்லவில்லை. சற்றே பயமூட்டி, விரைவில் விடுவித்து, குழந்தை "நான் பார்த்துவிட்டேன்" என்று பெருமைப்படும்படி முடியும் படம் நல்லது. அடுத்ததை அதைவிட ஒரு படி கடினமாகத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் படி எவ்வளவு உயரம் என்பதைக் குழந்தை தீர்மானிக்க வேண்டும், உறவினர் கூட்டம் அன்று.

17. வகுப்பில் எல்லோருக்கும் ஒரு படம் போடப் போகிறார்கள். என் குழந்தையை மட்டும் அனுப்பாமல் இருப்பது சரியா?

படத்தின் பெயரை முன்கூட்டியே கேளுங்கள். ஐயமிருந்தால் ஐந்தாம், ஏழாம் கேள்விகளில் சொன்னபடி பாருங்கள். பொருந்தாது என்று தெரிந்தால், "என் குழந்தை பயந்தாங்கொள்ளி" என்று தொடங்காமல், "இந்தக் காட்சி அவளைப் பாதிக்கும், அப்போது அவளை நூலகத்துக்கு அனுப்ப முடியுமா?" என்று ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். திட்டமாகக் கேட்கப்பட்ட சிறு உதவியைப் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை.

18. படம் பார்த்துப் பல நாளாகியும் தனியே தூங்க மறுக்கிறாள். மருத்துவரிடம் போக வேண்டுமா?

சில நாட்கள் விளக்கெரியத் தூங்குவதும், கழிப்பறைக்குத் துணை கேட்பதும் இயல்பு. பயந்த காட்சியை வரையச் சொல்லி, பிறகு அந்த வில்லனுக்குக் குடுமியும் மூக்குக்கண்ணாடியும் போடச் சொல்வது பல குழந்தைகளிடம் பலித்திருக்கிறது. வாரங்கள் கடந்தும் பயம் தணியாமல், பள்ளிக்குப் போக மறுப்பது, உணவு குறைவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது போன்றவை தோன்றினால் குழந்தை மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும். படம் சில வேளைகளில் முன்பே இருந்த வேறொரு பயத்தைத் தட்டி எழுப்பியிருக்கும்; அதைக் கண்டறிவது அவர்கள் வேலை.

19. அண்மையில் எங்கள் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தது. தாத்தாவோ பாட்டியோ இறக்கும் படத்தை இப்போது காட்டலாமா?

முதல் சில மாதங்களுக்கு, நீங்களாகத் தேடிப்போய்க் காட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. துயரத்தைப் பேசவைக்கும் என்ற நல்ல எண்ணத்தில் பெரியவர்கள் இத்தகைய படங்களைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் படத்தில் இறந்தவர் இறுதிக் காட்சியில் ஒளியாகவோ குரலாகவோ திரும்பி வருவதுண்டு, "நம் தாத்தா ஏன் வரவில்லை?" என்ற கேள்விக்கு அன்றிரவே நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இறந்தவர் திரும்புவது போன்ற காட்சி ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஆறுதலைவிடக் குழப்பத்தையே தரக்கூடும்.

குழந்தையே அத்தகைய படத்தைக் கேட்டால் நிலைமை வேறு. அப்போது நீங்கள் முழுப் படத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன அரை மணி நேரக் குறுக்குவழி இதற்குப் பொருந்தாது. பிறகு வீட்டில், பகலில், அருகில் உட்கார்ந்து, எந்த இடத்திலும் நிறுத்திப் பேச ஆயத்தமாகப் பாருங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அழலாம். "தாத்தா நினைவு வந்தது, அதனால் அழுகிறேன்" என்று காரணத்தை மட்டும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் காரணம் தெரியாத பெரியவர் அழுகையைப் போலக் குழந்தையை மிரளவைக்கும் காட்சி எந்தப் படத்திலும் இல்லை.